வினுஷாவின் வரிசை

இந்த மலாய் நாட்டில் அகதி முகாம் என்று எதுவும் கிடையாது. அகதிகள் இருக்கிற இடங்கள்தான் உண்டு. அப்படி ஓர் இடம் பாயான் லெப்பாஸில், தொழிற்சாலைகளின் முதுகுப் பக்கம் இருக்கிறது. எப்போதோ கட்டட வேலையாட்களுக்காகப் பலகை அடித்துத் தகரம் போட்ட நீளமான கொட்டகை. ஊரில் அதைக் கொங்சி என்பார்கள். சயந்தனின் அம்மா மட்டும் இன்னமும் காம்ப் என்றுதான் சொல்லுவாள். வன்னியில் முள்ளுக்கம்பிக்குள் தண்ணீருக்காக நாள் கணக்கில் வரிசையில் நின்றவள் அவள். தண்ணீருக்கு வரிசை பிடிக்க வேண்டிய இடமெல்லாம் அவளுக்குக் காம்ப்தான். அவளைத் திருத்தப் போகிற தைரியம் அந்த வீட்டில் யாருக்கும் இல்லை.

கொங்சியில் பதினாலு கதவு, ஒரே குழாய். ஒன்பது கதவுக்குப் பின்னால் ரொஹிங்யாக் குடும்பங்கள், ஐந்து கதவுக்குப் பின்னால் இலங்கைத் தமிழர்கள். அவரவர் வீட்டில் அவரவர் பேச்சு. குழாயடிக்கு வந்துவிட்டால் எல்லாருக்கும் உடைந்த மலாய். அந்தக் குழாயும் ஒழுங்கான குழாய் என்று சொல்ல முடியாது. காலை ஐந்து மணிக்குச் சீறிக்கொண்டு வரும், ஏழு மணிக்கு நூலாக இளைத்துவிடும், அதன் பிறகு நாள் முழுக்கச் சும்மா காற்று ஊதும். அந்த இரண்டு மணி நேரத்துக்குள் பதினாலு குடும்பமும் பிடித்தாக வேண்டும். அதனால் முதல்நாள் பின்னேரமே பிளாஸ்டிக் தண்ணீர்க் கான்களைக் கொண்டுவந்து வரிசையில் வைத்துவிடுவார்கள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அந்த வரிசையில் ஒரு சண்டை வந்தது. யாருடைய கான் முன்னால் என்று தொடங்கி ஒருவருடைய மண்டை உடைந்ததில் முடிந்தது. இடத்துக்குச் சொந்தக்காரரான ஷேக் அலாவுதீன் சூலியா தெருவிலிருந்து காரைப் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். போலீஸ் வாசலுக்கு வந்தால் கடுதாசி இல்லாத பாதிப் பேரை அள்ளிக்கொண்டு போய்விடும் என்பது அவருக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். இன்னொரு தடவை இங்கே சத்தம் கேட்டால் கேட்டைப் பூட்டி எல்லாரையும் வெளியே அனுப்பிவிடுவேன் என்றார். கெட்ட மனிதர் அல்ல. ஆனால் சொன்னால் செய்துவிடுகிற ஆள்.

அப்போதுதான் திறந்திருந்த ஒரு கதவுக்குள்ளிருந்து ஒரு சிறுமியின் குரல், யார் கானுக்குப் பின்னால் யார் கான் வந்தது என்று முதலிலிருந்து கடைசி வரை ஒப்பித்தது. ஒன்றுகூடப் பிசகவில்லை. அது வினுஷா, சயந்தனின் அக்கா. பன்னிரண்டு வயது அவளுக்கு அப்போது. வன்னிக் காம்பின் கூடாரத்தில் பிறந்தபோதே அவளுடைய இரண்டு கால்களும் பிடிமானம் இல்லாமல்தான் இருந்தன. நாள் முழுக்க வாசலில் உட்கார்ந்து வெளியே பார்ப்பதைத் தவிர வேறு போக்கு இல்லாதவளுக்குக் குழாயடி மனப்பாடமாக இருந்ததில் அதிசயம் ஒன்றும் இல்லை.

அன்றிலிருந்து குழாயடி அவள் ராஜ்யம். தகரக் கூரையின் கீழே கவிழ்த்துப் போட்ட பழப்பெட்டியில் உட்கார்ந்திருப்பாள். பக்கத்தில் ஒரு பிஸ்கட் டின் மூடியும் கரண்டியும். கரண்டியால் மூடியில் ஒரு தட்டு தட்டினால் அடுத்த ஆள் வரவேண்டும். எழுத்து இல்லை, நம்பர் இல்லை, எல்லாம் தலைக்குள்தான். ஆறடி உயர மீன் சந்தைக் கூலிக்காரன் முஸ்தஃபாகூட அவள் கரண்டிக்குக் கட்டுப்படுவான். முதல் நாளே அவளாக ஒரு சட்டம் வைத்தாள். வரிசை பார்க்கிற வீட்டுக் கான் எப்போதும் கடைசியில்தான் நிற்கும். கைப்பிடி உடைந்து கம்பி சுற்றிய அவர்களுடைய நீலக் கான் அன்றிலிருந்து கடைசியிலேயே நின்றது. அந்தச் சட்டத்தால்தான் எல்லாரும் அவளை நம்பினார்கள். நூலாக வடிகிற தண்ணீரில் அரைக் கானோடு வீடு திரும்புகிற சயந்தனுக்குத்தான் அது வயிற்றெரிச்சல்.

தர்ம ஸ்தாபனம் ஒன்று அக்காவுக்கு ஒரு சக்கர நாற்காலி கொடுத்திருந்தது. பளபளவென்று நல்ல நாற்காலி. கொங்சியின் சேற்றிலும் கல்லிலும் அது இரண்டடி உருளாது என்பதைக் கொடுத்தவர்கள் வந்து பார்க்கவில்லை. இப்போது அதில் உடுப்பு காய்கிறது. முன்பெல்லாம் அப்பா அவளைத் தூக்குவார். கடலுக்கு அந்தப் பக்கம் மாக் மண்டினில் ஒரு பட்டறையில் வேலை கிடைத்ததும் அங்கேயே படுத்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டார். தினமும் பாலம் கடந்து வந்துபோனால் வழியில் எங்கே போலீஸ் மறிக்குமோ என்ற பயம். அம்மா நாலு மணிக்கே சூலியா தெருச் சாப்பாட்டுக் கடைக்குப் பாத்திரம் கழுவப் போய்விடுவாள். ஆகவே ஒன்பது வயதில் சயந்தன் முதுகைக் கொடுத்தான். முதல் வாரத்தில் மூன்று தடவை அக்காவோடு சேர்ந்து சேற்றில் விழுந்தான். நாலாவது வாரத்தில் ஓடவே தொடங்கிவிட்டான்.

இப்போது பன்னிரண்டு வயது. அக்காவை எப்படித் தூக்க வேண்டும் என்பது அவனுக்குச் சோறு அள்ளிச் சாப்பிடுவது போலப் பழகிவிட்டது. இடது முழங்காலை மடக்கக் கூடாது, வலிக்கும். வலது தொடைக்குக் கீழே கை கொடுத்து ஒரு எம்பு எம்பினால் அவள் கைகள் தானாகக் கழுத்தில் வந்து விழும். வடிகாலுக்கு மேலே போட்ட பலகையைத் தாண்டும்போது அவள் மூச்சைப் பிடித்துக்கொள்ளுவாள்; அந்தப் பக்கம் போனதும் அவன் காதுக்குள் விடுவாள். கொங்சியில் பார்க்கிறவர்கள் எல்லாம், அந்தப் பிள்ளைக்குக் கால் இவன்தான் என்று சொல்லுவார்கள். அதைக் கேட்கிறபோதெல்லாம் அவனுக்கு நெஞ்சு நிமிரும். வேறு எதற்கும் யாரும் அவனைப் பெரிதாகப் பாராட்டியதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் சாந்தினி டீச்சர் வந்தாள். பாயான் பாருவில் ஒரு கடை மாடியில் அகதிப் பிள்ளைகளுக்குப் படிப்புச் சொல்லிக்கொடுக்கிறவள். அரசாங்கப் பள்ளிக்கூடம் இவர்களைச் சேர்த்துக்கொள்ளாது. இந்த மாடியை விட்டால் வேறு கதி இல்லை. அங்கேயும் இருப்பது முப்பது இடம்தான். ஒரு குடும்பம் வேறு நாட்டுக்குப் போனதில் ஓர் இடம் காலியாகியிருந்தது. பள்ளிக்கூட வான் அங்கங்கே நின்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவதால் கொங்சி முனைக்கு ஆறு மணிக்கே வந்துவிடும்.

“இங்க பாரு தம்பி, ஒரு எடந்தான் இருக்கு. திங்கக்கெழம காலையில வான்ல ஏறிரு. வரலன்னா வேற பிள்ளைக்குக் கொடுத்துருவேன்லா, கோவிச்சுக்காத,” என்றாள் டீச்சர்.

சயந்தன் யோசிக்கவே இல்லை. ஆறு மணிக்கு வானில் ஏறினால் ஏழு மணிக்கு அக்காவைக் குழாயடியிலிருந்து யார் திருப்பிக் கொண்டுவந்து விடுவது? நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான். டீச்சர் அம்மாவைப் பார்த்தாள், அம்மா அக்காவைப் பார்த்தாள், அக்கா தரையைப் பார்த்தாள். அவன் சொன்ன காரணத்தில் ஓட்டை கண்டுபிடிக்க யாராலும் முடியாது.

காரணம் உண்மைதான். ஆனால் முழு உண்மை அல்ல. அவனுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. அந்த மாடியில் ஆறு வயசுக் குஞ்சு குருமான்களோடு, தொடைக்கு எட்டாத மேசையில் உட்கார வேண்டியிருக்கும். கொங்சியில் அவன் ஒரு ஆள். அங்கே போனால் ஒன்றும் தெரியாத ஒரு தடியன். அந்தப் பயத்தை அக்காவின் கால்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தான், பாவம். அவனுக்கே அது சரியாகத் தெரியாது.

அக்காவுக்குத் தெரிந்திருந்தது. இரண்டு நாள் அவனோடு மல்லுக்கட்டினாள். நான் ஒரு வருடம் வீட்டுக்குள்ளேயே இருந்துவிடுகிறேன், நீ போ என்றாள். அப்போ குழாயடி? குழாயடி கிடக்கட்டும் என்றாள். கிடக்கட்டுமாம்! கரண்டி இல்லாத அக்காவை அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அவளாலும் முடியாது என்பது அவள் குரலிலேயே தெரிந்தது. புதன்கிழமை அவள் பேசுவதை நிறுத்திக்கொண்டாள். தான் ஜெயித்துவிட்டதாக அவன் நினைத்தான்.

வியாழக்கிழமை காலை அவளைப் பெட்டியில் இருத்திவிட்டு ரொட்டி வாங்கக் கடைக்குப் போனான். ஏழு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது திரும்பி வந்தால் பெட்டி காலி. விழுந்துவிட்டாளா, யாரும் பிடித்துக்கொண்டு போய்விட்டார்களா என்று வீட்டுப் பக்கம் ஓடினான். வடிகால் பலகையில் முஸ்தஃபாவின் பெண்சாதி ஹமீதா போய்க்கொண்டிருந்தாள். அவள் முதுகில் அக்கா. இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அக்காவின் கைகள் ஹமீதாவின் கழுத்தைச் சுற்றியிருந்தன.

வீட்டுக்குள் போனதும் அக்கா விஷயத்தைச் சொன்னாள். பதினாலு கதவுக்கும் ஒரு வரிசை போட்டிருக்கிறாள். ஒரு நாளைக்கு ஒரு வீடு. அந்த வீட்டில் இருக்கிற ஒருவர் காலையில் அவளைக் குழாயடிக்குத் தூக்கிப் போய், ஏழு மணிக்கு அவளையும் நீலக் கானையும் திருப்பிக் கொண்டுவந்து விடவேண்டும். குழாயடிக்கு வந்த ஒவ்வொருவரிடமும் அவளே கேட்டாளாம். ஒருத்தர்கூட மாட்டேன் என்று சொல்லவில்லையாம். திங்கட்கிழமை தொடக்கம், முதல் முறை ஹமீதாவுக்கு. இன்றைக்குச் சும்மா பழகிப் பார்த்தார்களாம்.

“இனி உனக்குச் சாட்டுச் சொல்ல ஏலாது,” என்றாள் அக்கா.

அவள் சந்தோஷமாகத்தான் சொன்னாள். அவனுக்கு அது செவிட்டில் அறைந்தது மாதிரி இருந்தது. மூன்று வருடம் சுமந்தவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊரெல்லாம் கேட்டிருக்கிறாள், அவனிடம் மட்டும் சொல்கிறாள். அவன் செய்ததை யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்றால், மூன்று வருடமாக அவன் அங்கே யார்? ரொட்டியை வைத்துவிட்டு வெளியே போனான். அன்று அவன் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை பின்னேரம் மக்ரிப் தொழுகைக்கு ரொஹிங்யாக்காரர்கள் உள்ளே போனார்கள். தமிழ் வீடுகளில் விளக்கேற்றிக்கொண்டிருந்தார்கள். கொங்சி வெளிவாசலில் ஒரு குஞ்சும் இல்லாத நேரம் அதுதான். சயந்தன் குழாயடிக்குப் போனான். மறுநாளுக்கான கான்கள் வரிசையாக நின்றன. பச்சைக் கானைத் தூக்கி வெள்ளைக் கானின் இடத்தில் வைத்தான். வெள்ளையைப் பின்னால் தள்ளினான். ஆறாவதை இரண்டாவதாக்கினான். கைக்கு வந்ததையெல்லாம் மாற்றினான். அக்காவின் கணக்கு ஒரு நாள் பிசகினால் போதும். நம்ப முடியாத ஒருத்தியை யார் சுமப்பார்கள்? அவ்வளவுதான் அவனுடைய யோசனை. அதற்கு மேல் யோசிக்கிற வயசும் இல்லை, நிதானமும் இல்லை. ஐந்தே நிமிடத்தில் வேலையை முடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, அக்கா நீட்டிய தேத்தண்ணியையும் வாங்கிக் குடித்தான்.

ஞாயிறு காலை ஐந்து மணிக்கு அக்காவைச் சுமந்துகொண்டு போனபோதே குழாயடியில் இரைச்சல். தண்ணீர் யாருடைய கானிலும் விழாமல் சும்மா தரையில் அடித்துக்கொண்டிருந்தது. என் கான் எப்படிப் பின்னால் போனது, உன் கான் எப்படி முன்னால் வந்தது என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். வரிசையில் முதலாவதாக நின்றது ஹமீதாவின் பச்சைக் கான். சயந்தன் அதை வேண்டுமென்று அங்கே வைக்கவில்லை. கை போன போக்கில் வைத்தது. ஆனால் நாலாம் கதவு லெட்சுமிக்கு அது வேறு மாதிரித் தெரிந்தது.

“இப்பதானே விளங்குது. தூக்கிச் சுமக்கிற ஆக்களுக்கு முதல் இடம். எங்களையும் வரிசையாத் தூக்கச் சொன்னது இதுக்குத்தான் போல,” என்றாள் லெட்சுமி. பிறகு எல்லாருக்கும் விளங்கட்டும் என்று அதையே மலாயிலும் சொன்னாள்.

ஹமீதாவின் முகம் செத்துப்போயிற்று. முஸ்தஃபா லெட்சுமியை நோக்கி ஓர் அடி வைத்தான். லெட்சுமியின் புருஷன் கையில் வாளியோடு குறுக்கே வந்தான். யாரோ ஒருவன், சத்தம் போடாதீர்கள், ஷேக் அலாவுதீனுக்குத் தகவல் போய்விடும் என்று கெஞ்சினான். அக்காவின் கணக்கு பிசகும் என்று சயந்தன் நினைத்தானே தவிர, அவள் நேர்மையையே சந்தேகிப்பார்கள் என்று நினைக்கவில்லை. முதுகில் இருந்தவளின் உடம்பு விறைத்துப் போனதை அவனால் உணர முடிந்தது.

அவளைப் பெட்டியில் இருத்தினான். அக்கா மூடியைத் தட்டவில்லை. வரிசையை முதலிலிருந்து மெதுவாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். பச்சை, சிவப்பு மூடி, கறுப்பு வாளி. பார்வை கடைசிக்குப் போய் நீலக் கானில் நின்றது. அங்கேயே வெகுநேரம் நின்றது. பிறகு அவள் தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். ஒரே ஒரு தடவைதான் பார்த்தாள். அவனுக்கு முகத்தில் ஈயாடவில்லை.

அதற்குப் பிறகுதான் கரண்டியை எடுத்து மூடியில் தட்டினாள். இரைச்சல் கொஞ்சம் அடங்கியதும் பிழை தன்னுடையது என்றாள். நேற்று பின்னேரம் தானே மாற்றிச் சொல்லிவிட்டதாகவும் யாரும் யாரோடும் கோபிக்க வேண்டாம் என்றும் மலாயில் சொன்னாள். சொல்லிவிட்டு, சரியான வரிசையை முதல் கானிலிருந்து சொல்லத் தொடங்கினாள். கான்கள் ஒவ்வொன்றாக நகர்ந்து தங்கள் தங்கள் இடத்துக்குப் போயின. ஒன்றுகூடப் பிசகவில்லை. ஆனாலும் யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஒருவன் நாளையிலிருந்து கானில் நம்பர் ஒட்டிவிடலாம், ஆள் வேண்டியதில்லை என்றான். சிலர் தலையாட்டினார்கள். இந்தத் தூக்குகிற ஏற்பாடும் வேண்டாம், வீண் பேச்சு வரும் என்று இன்னொருத்தி சொன்னாள்.

சயந்தன் விரும்பியது அப்படியே கிடைத்துவிட்டது. இனி யாரும் அக்காவைத் தூக்க மாட்டார்கள். திங்கட்கிழமை வான் அவன் இல்லாமல் போகும். வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், அக்காவைச் சுமக்கிற முதுகு அவனுடையதுதான். உண்மையைச் சொன்னால் அக்காவுக்குப் பெயர் திரும்பும். அவளுடைய வரிசையும் திரும்பும். அவன் போகத்தான் வேண்டியிருக்கும். அக்கா பெட்டியில் குனிந்து, கரண்டியைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அதில் அழுக்கே இல்லை. துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“சாயா யாங் துக்கார்,” என்றான் சயந்தன்.

மாற்றியது நான்தான் என்று பொருள். முதல் தடவை அவனுக்கே கேட்கவில்லை. இரண்டாம் தடவை உரக்கச் சொன்னான். எல்லாரும் திரும்பினார்கள். நேற்று மக்ரிப் நேரத்தில் வந்து மாற்றினேன், அக்காவுக்கு ஒன்றும் தெரியாது, ஹமீதாவுக்கும் தெரியாது என்றான். முஸ்தஃபா அவன் முன்னால் வந்து நின்று, ஏன் என்று கேட்டான். அத்தனை பெரிய மனிதன் அவ்வளவு மெதுவாகக் கேட்டதுதான் அவனை உடைத்துவிட்டது.

“அக்காவை நான்தான் தூக்கோணும்,” என்றான். மலாய் மறந்துபோய்த் தமிழில்தான் வந்தது. அழுகையும் கூடவே வந்தது.

தமிழ் தெரியாத ஒன்பது வீட்டுக்காரர்களுக்கும் அதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. ஹமீதா வந்து அவன் காதைப் பிடித்துத் திருகினாள். வலிக்கத்தான் திருகினாள். பிறகு அதே கையால் அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். லெட்சுமி யாரையும் பார்க்காமல், பேசினது போதும், ஆறு மணியாகப் போகுது, தண்ணியைப் பிடியுங்கோ என்றாள். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. ஆனால் தன் முறை வந்தபோது, ஹமீதாவின் கானைத் தானே தூக்கிக் குழாய்க்குக் கீழே வைத்தாள். நம்பர் ஒட்டுகிற பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

அன்று சயந்தனுக்குக் கிடைத்தது கால் கான் தண்ணீர். அதை அங்கேயே வைத்துவிட்டு அக்காவைத் தூக்கினான்.

“எங்கட கானை மட்டும் நீ தொடேல்லை,” என்றாள் அக்கா.

“அது கடைசியிலதானே நிக்கோணும்.”

“அதிலதான்டா பிடிபட்டனி. வேற ஆரும் என்னில பழி போட மாத்தியிருந்தா முதல் வேலையா எங்கடயைத்தான் நடுவில தள்ளியிருப்பினம். பன்னிரண்டு வயசாச்சு, ஒரு களவு ஒழுங்காச் செய்யத் தெரியேல்லை.”

அவள் சிரிக்கிறாள் என்று நினைத்தான். கழுத்தில் ஈரம் பட்டபோதுதான் தெரிந்தது. அவன் நின்றுவிட்டான்.

“ஏன் என்னட்டக் கேக்கேல்லை?” என்றான்.

“கேட்டிருந்தா நீ ஓம் எண்டிருப்பியே?” என்றாள் அக்கா. “எனக்கு மட்டும் இது விருப்பமே? சொல்லு. ஹமீதாவின்ர முதுகு அகலம், மீன் மணம் வேற. ஆனா நீ இஞ்சயே நிண்டா, நானும் ஒரு நாளைக்கு உன்னைப் பார்த்து, இவன் என்னாலதான் இப்பிடிப் போனவன் எண்டு நினைப்பன். அந்த நினைப்பை என்னால சுமக்க ஏலாது, தம்பி. உன்னை மாதிரி எனக்கு முதுகு இல்லை.”

அவன் மறுபடி நடந்தான். வடிகால் பலகையைத் தாண்டினான். அந்தப் பக்கம் போனதும் அவள் சாதாரணக் குரலில், பதினாலு கதவில் நம்முடையதும் ஒன்று என்பது ஞாபகம் இருக்கட்டும் என்றாள். பதினாலாவது முறை அவனுடையது. திங்கட்கிழமை தொடங்கினால் பதினாலாவது நாள் ஞாயிற்றுக்கிழமையில் வரும். அன்றைக்கு வான் கிடையாது. அவள் எல்லாவற்றையும் எண்ணித்தான் வைத்திருந்தாள். அவன்தான் பட்டியலைக் கடைசிவரை கேட்காமல் எழுந்து போனவன்.

பத்து மணிக்கு வேலை முடிந்து வந்த அம்மாவின் காதுக்கு எல்லாம் வழியிலேயே எட்டியிருந்தது. அவள் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. தண்ணீர் விஷயத்தில் விளையாடக் கூடாது என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். பின்னேரம் சயந்தன் தானாக எழுந்து, அக்காவைத் தூக்கிக்கொண்டு ஹமீதா வீட்டுக்குப் போனான். இடது முழங்காலை மடக்கக் கூடாது, வலது தொடைக்குக் கீழே கை, எம்பு ஒன்றுதான், இரண்டு எம்பக் கூடாது என்று செய்து காட்டினான். ஹமீதா செய்தாள். அவன் சரியில்லை என்றான். திரும்பச் செய்தாள். ஐந்தாவது தடவைதான் சரி என்று சொன்னான். பிறகு அடுத்த கதவு, அதற்கடுத்த கதவு. லெட்சுமி வீட்டிலும் தட்டினான். வீடு வீடாகக் கைமாறி, தூக்கி இறக்கி, அக்காவுக்குக் கூச்சமும் சிரிப்பும் பொத்துக்கொண்டு வந்தன. முஸ்தஃபா மட்டும் அவளை ஒரு கையால் தூக்கப் பார்த்து, சயந்தனிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான்.

திங்கட்கிழமை ஐந்து மணிக்கு ஹமீதா வந்தாள். சயந்தன் தலையில் தண்ணீர் தடவிச் சீவிக்கொண்டு, அப்பாவின் பழைய பையோடு வாசலில் நின்றான். ஹமீதா குனிந்தாள், கை கொடுத்தாள், ஒரே எம்பு. அவனுக்குக் குறை சொல்ல எதுவும் இல்லை. அக்கா அவனைப் பார்த்தாள். கண் சிவந்திருந்தது, ஆனால் குரல் குழாயடிக் குரல்தான்.

“வழி விடடா,” என்றாள்.

அப்போதுதான் தான் வாசலை மறித்துக்கொண்டு நிற்பது அவனுக்குத் தெரிந்தது. விலகினான். அவர்கள் இறங்கிக் குழாயடிப் பக்கம் போனார்கள். வடிகால் பலகைவரை பார்த்துக்கொண்டு நின்றான். ஆறு மணி ஆகும்வரை வீட்டுக்குள் நின்றான், உட்கார்ந்தான், திரும்பவும் நின்றான். பிறகு பையை எடுத்துக்கொண்டு மற்றப் பக்கமாக ரோட்டுக்கு நடந்தான். தொழிற்சாலை பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவில் ஒரு சின்ன வெள்ளை வான் வந்து நின்றது. முன்சீட்டிலிருந்து சாந்தினி டீச்சர் எட்டிப் பார்த்தாள்; ஒன்றும் கேட்காமல் கதவைத் திறந்துவிட்டாள்.

பின்சீட்டில் ஓர் இடம் இருந்தது. பக்கத்தில் ஆறேழு வயதில் ஒரு சிறுமி, மடியில் தண்ணீர்ப் போத்தலோடு. வான் கிளம்பியது. இரண்டு மூன்று சிக்னல் தாண்டியும் சயந்தன் சீட்டின் நுனியிலேயே, முன்னால் குனிந்து, முதுகுக்குப் பின்னால் ஓர் ஆள் அளவு இடம் விட்டு உட்கார்ந்திருந்தான். அந்தச் சிறுமி அவனையும் அந்த இடத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அண்ணே, பின்னுக்கு யாரு ஒக்காரப் போறா?” என்று கேட்டாள்.

யாரும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தான், வரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்ந்தான். மூன்று வருடத்துக்குப் பிறகு அவன் முதுகு ஏதோ ஒன்றில் சாய்ந்தது. சாய்ந்தபடியே ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பாயான் பாரு வரும்வரை அழுதான்.